சாணை பிடித்த இடம்

2018 ஏப்ரல் 4 – லாரி, பழைய இரும்பு எடைக்கு – 42,000
மே 19 – விபத்தில் நொறுங்கிய புது லாரியின் என்ஜின், கியர்பாக்ஸ் – 88,000
ஜூலை 2 – அதே லாரியின் முன் அச்சு, பின் அச்சு, காற்றுப்பைகள் நான்கு – 61,500
ஆகஸ்ட் 27 – பவர் ஸ்டீயரிங் – 19,300
செப்டம்பர் 11 – வெல்டிங் – 7,250
அக்டோபர் 6 – பெயின்ட் – 14,800
அக்டோபர் 30 – தகுதிச் சான்று விண்ணப்பக் கட்டணம் – 350

மேலே உள்ளவை என் தங்கையின் கணவர் ஒரு லாரிக்காகச் செய்த செலவுகள். போல்ட், நட்டு, ரப்பர் வாஷர் போன்ற சில்லறைகளைச் சேர்க்கவில்லை. அவற்றுக்குத் தனி நோட்டு உண்டு. சாணைக்குப் பணம் எதுவும் கொடுக்கவில்லை. அதை அவரே பிடித்தார்.

அவரை எல்லோரும் ‘பதினேழு’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த போல்ட்டைக் கண்டாலும் முதலில் பதினேழாம் நம்பர் ஸ்பேனரைத்தான் எடுப்பார். பொருந்தாவிட்டால் ஸ்பேனரை ஒன்றும் சொல்ல மாட்டார், போல்ட்டைத் திட்டுவார். 1983 ஜூன் மாதம் எங்கள் மரவாடியில் டிரைவராகச் சேர்ந்தார். நான் அங்கே எழுத்தராக இருந்தேன். அவருக்கு ஒதுக்கிய வண்டி 1968இல் செய்தது, முன்னால் மூக்கு நீண்டது. மரவாடியை இழுத்து மூடிய 2014 வரை, முப்பத்தொரு வருடம், அதே வண்டிதான்.

டிரிப் ஷீட்டில் ஒரு கிலோமீட்டர்கூடக் கூட்டி எழுதாத ஒரே டிரைவர் அவர். அதைப் பார்த்துத்தான் 1985இல் என் தங்கையைக் கொடுத்தேன். “அண்ணா எனக்கு மாப்பிள்ளை பாக்கல, கணக்கு சரிபார்த்தாரு” என்று அவள் இன்றும் சொல்வாள்.

மரவாடி முதலாளியிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. லாரியின் முன்பக்கம் டிரைவரும் மரம் எண்ணுகிறவரும் மட்டுமே உட்காரலாம். வீட்டு ஆட்கள் ஏறக் கூடாது. ஆகவே கணவர் அரை வாழ்நாளைக் கழித்த அந்த இருக்கைக்குப் பக்கத்தில் என் தங்கை ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. மரம் ஏற்றும் இடம் 112 கிலோமீட்டர் தள்ளி, மலைமேல் இருந்தது. எழுபத்தாறாவது கிலோமீட்டரில் ஒரு வளைவில் மேகம் ரோட்டுக்குக் கீழே கிடக்கும் என்று அவர் சொல்லுவார். இதை அவள் எத்தனை முறை கேட்டிருப்பாள் என்பதற்கு மட்டும் என்னிடம் கணக்கில்லை.

“மேகத்தையெல்லாம் அவளுக்குத்தான் காட்டியிருக்கீங்க” என்பாள். அவள் என்றால் லாரி.

“உன்னையும் கூட்டிட்டுப் போறேன். மரவாடிய மூடட்டும்.”

மரவாடியை மூடினார்கள். அதற்குள் அவருடைய முதுகும் போய்விட்டது. கீழ் முதுகில் இரண்டு எலும்புகளுக்கு இடையே தேய்மானம். குலுக்கல் கூடாது, கிளட்ச் மிதிக்கக் கூடாது, கனமான ஸ்டீயரிங்கைத் திருப்பக் கூடாது என்று டாக்டர் சொன்னார். லாரி நான்கு வருடம் பூட்டிய மரவாடிக்குள் வெயிலிலும் மழையிலும் நின்றது. 2018 மார்ச் மாதக் கடைசியில் அதை உடைக்கப் போகிறார்கள் என்று தகவல் வந்ததும் பதினேழு என் வீட்டுக்கு வந்தார்.

“மச்சான், குலுங்குற லாரியத்தானே டாக்டர் வேண்டாம்னாரு? குலுங்காத லாரி செஞ்சுக்கறேன்.”

“எதுக்கு?”

“அந்த ரோட்டுல ஒரு தடவை. உங்க தங்கச்சி பக்கத்துல உக்காரணும். நான் ஓட்டணும். அவ்வளவுதான்.”

அவருக்கு 2019 மார்ச் 31 அன்று அறுபத்தைந்து வயது முடியும். அதற்குமேல் கனரக வண்டி ஓட்டும் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். கையில் சரியாக ஒரு வருடம் இருந்தது. தாராளமாகப் போதும் என்று நானும் சொன்னேன்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய சரக்குக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். பதினான்கு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம். லாரியின் வெளித்தோற்றத்தில் கை வைக்கவில்லை. மூக்கு, முகப்பு விளக்குகள், மரக் கதவுக் கைப்பிடி எல்லாம் பழையபடியே இருந்தன. அடியில் இருந்தது முழுக்க மாறியது. பழைய பட்டை ஸ்பிரிங்குகள் போய், பின் அச்சுக்குக் காற்றுப்பைகள் வந்தன. கிளட்ச் மிதியே இல்லாத, தானாக மாறும் கியர்பாக்ஸ் வந்தது. புது என்ஜின் பழைய மூக்குக்குள் உட்காரவில்லை. அதை அறுபது மில்லிமீட்டர் பின்னால் தள்ளி, அதற்குத் தகுந்தபடி கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டை வெட்டிக் குறைத்து, சுற்றும்போது ஆட்டமில்லை என்று பார்த்து மாட்டினார்கள். அளவுகளை நான் எழுதினேன். அவர் மூன்று முறை அளப்பார், நான் மூன்று முறையும் எழுதுவேன்.

புது முன் அச்சுக்கு, லாரியின் அடிச்சட்டமான சேஸிஸ் பட்டையில் வேறு இடத்தில் தாங்கி வைக்க வேண்டியிருந்தது. வெல்டர் பற்றவைத்தார். வெல்டருக்கு வேலையில் வேகம் அதிகம், நாசூக்கு குறைவு. பதினேழு அவரிடமிருந்து சாணை மெஷினை வாங்கிக்கொண்டார்.

“நீ ஒட்டு, நான் தேய்க்கறேன். கைய வெச்சுத் தடவினா ஒட்டு எங்கன்னு தெரியக் கூடாது.”

“அடியில போய் யாரு தடவப் போறா பெரியவரே? பொண்ணு பாக்கவா வராங்க?” என்றார் வெல்டர்.

“நான் தடவுவேன்ல.”

செப்டம்பர் 11, 12, 13 மூன்று நாளும் முதுகில் பட்டை கட்டிக்கொண்டு, சாக்கில் படுத்தபடி தேய்த்தார். முன் சக்கரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் நீளத்துக்கு இரும்பு கண்ணாடிபோல் ஆனது. அதன்மேல் நீல பெயின்ட் அடித்தார்கள். அக்டோபர் 14 அன்று கொட்டகைக்குள்ளேயே முதல் முறை என்ஜினை ஓடவிட்டார். காற்றுப்பைகள் நிறைந்து லாரியின் பின்பக்கம் மெல்ல எழுந்தது. என் தங்கை வாசலில் நின்று, “என்னங்க இது, மூச்சு விடுது!” என்றாள். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

லாரியை ரோட்டில் ஓட்டத் தகுதிச் சான்று வேண்டும்; அதற்கான விண்ணப்பத்தை நான் நிரப்பினேன். நவம்பர் 21, புதன்கிழமை, போக்குவரத்து அலுவலகத்திலிருந்து முதல் கடிதம் வந்தது. விண்ணப்பத்தில் சேஸிஸ் எண்ணின் பென்சில் தடம் இல்லை, அனுப்பவும் என்று இரண்டே வரி.

பென்சில் தடம் என்பது பெரிய விஷயமில்லை. சேஸிஸில் குத்தியிருக்கும் எண்ணின்மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் இலக்கங்கள் தாளில் வரும். தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். பதினேழு என்ஜினுக்குப் பின்னால் திருகியிருந்த பித்தளைத் தகட்டைத் துடைத்துக் காட்டினார்.

“இதோ இருக்கே நம்பர்.”

“இது கழற்றி மாட்டுற தகடு மாப்பிள்ளை, செல்லாது. இரும்பிலேயே குத்தியிருக்கும்.”

“எங்க?”

குனிந்து காட்டினேன். வலப்பக்கப் பட்டை, முன் சக்கரத்திலிருந்து ஒரு சாண் பின்னால். காட்டிய விரலை எடுப்பதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. அங்கே நீல பெயின்ட் பளபளத்தது.

அவரும் குனிந்தார். பிறகு கையை வைத்துத் தடவினார்.

“இங்க தார் பெயின்ட்தான் விரல் கனத்துக்கு ஏறியிருந்துச்சு. அதுக்கு அடியில சொரசொரன்னு இருந்துச்சு. துரு தின்னிருக்குன்னு நெனச்சேன் மச்சான்.”

“அந்தச் சொரசொரப்புதான்.”

“முப்பத்தொரு வருஷம் இந்த வண்டியில கெடந்தேன். நம்பர் இங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதே!”

அவருக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் நான். ஆண்டுதோறும் தகுதிச் சான்றுக்கு ஒரு தடம் வேண்டும். 1991இல் அதற்காக லாரிக்கு அடியில் ஊர்ந்து ஒரு வெள்ளைச் சட்டையைப் பாழாக்கிக்கொண்டேன். சட்டை எப்படியும் போய்விட்டது என்று, அன்றே ஒரே படுக்கையில் இருபத்து நான்கு தடம் எடுத்து உறையில் போட்டு வைத்தேன். வருடத்துக்கு ஒன்றாக ஒட்டி அனுப்பினேன். 2014இல் கடைசித் தடம் தீர்ந்தது, மரவாடியும் மூடியது. இடையில் யாரும் அந்த இடத்தைத் துடைக்கவில்லை, பார்க்கவில்லை. வருடா வருடம் துருவுக்காக ஒரு பூச்சுத் தார் மட்டும் ஏறியது. பழைய தடங்கள் அலுவலகத்தில் இருக்குமே என்று அங்கே கேட்டேன். மூன்று வருடத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்களை எரித்துவிடுவார்களாம்.

இதை அவரிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். “இருபத்து நாலா? ஒரே நாள்லயா?” என்று மட்டும் கேட்டார்.

வெல்டரிடம் வழி இருந்தது. “நம்பர் தெரியுமில்ல? பஞ்ச் செட்டு நான் கொண்டாரேன். பதினோரு எழுத்து, பதினோரு அடி. மேல கொஞ்சம் உப்புத் தண்ணி ஊத்துனா பத்து நாள்ல அம்பது வருஷத்துத் துரு. பெரியவர் அடுத்த மாசம் மலையில இருப்பாரு.”

எண் எனக்கு மனப்பாடம். பதினேழு என்னைப் பார்த்தார். போல்ட் முடுக்குவதற்கு அவர் யாரையும் கேட்க மாட்டார். ஆனால் எழுத்து சம்பந்தப்பட்டது என்றால் என்னைக் கேட்காமல் செய்ய மாட்டார்.

“வேண்டாம். திருட்டு வண்டிக்குத்தான் அப்படிச் செய்வாங்க. மாட்டினா உங்க லைசென்ஸும் போகும். நடந்ததை எழுதுவோம். நேர்மையா எழுதினா வழி சொல்லுவாங்க.”

“மச்சான் சொன்னா சரி” என்றார்.

ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எந்தத் தேதியில், எந்தப் பக்கத்தில், எத்தனை மில்லிமீட்டர் ஆழம் தேய்க்கப்பட்டது என்பது வரை. தபாலில் போடுமுன் தங்கை வாங்கிப் படித்தாள்.

“அண்ணா, இவ்வளவு விலாவாரியா எழுதணுமா? ‘எண் தெளிவா இல்லை’ன்னு எழுதினா போதாதா?”

“தெளிவா இல்லாதது வேற, இல்லாதது வேற.”

“உங்களுக்கு வேற. அவருக்கு?”

நான் உறையை ஒட்டினேன்.

டிசம்பர் 27இல் இரண்டாம் கடிதம் வந்தது. வண்டியை ஜனவரி 17 அன்று ஆய்வு மைதானத்துக்குக் கொண்டு வர வேண்டும், ஆனால் சாலையில் ஓட்டி வரக் கூடாது. ஆகவே தாழ்ந்த தளம் உள்ள டிரெய்லர் ஒன்றைப் பேசினோம். டிரெய்லர்காரர் சங்கிலிகளைப் பூட்டிவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்.

“என்ன தலைவரே, லாரியே லாரி ஏறுது?”

“அதுக்கும் வயசாச்சுல்ல” என்றார் பதினேழு. சொல்லிவிட்டு டிரெய்லர்மேல் ஏறி, லாரியின் கதவைத் திறந்து தம் இருக்கையில் போய் உட்கார்ந்தார். பிறகு மறுபக்கக் கதவைத் திறந்து என் தங்கைக்குக் கையை நீட்டினார்.

“ஏறு.”

“ஏத்திப்போற வண்டியில ஆள் உக்காரக் கூடாது, சட்டப்படி…” என்று ஆரம்பித்தேன்.

“நான் சரக்கு. சரக்குன்னு எழுதிக்கோங்கண்ணா” என்று சொல்லிவிட்டு அவள் ஏறிவிட்டாள். டிரெய்லர்காரர் வானத்தைப் பார்த்தார்.

நான் டிரெய்லரின் முன்பக்கம் உட்கார்ந்தேன். மைதானம் இருபத்து மூன்று கிலோமீட்டர். பக்கக் கண்ணாடியில் இருவரும் தெரிந்தார்கள். என்ஜின் அணைந்திருந்ததால் அவருடைய ஸ்டீயரிங் அசையாது. ஆனாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் கைகள் அதன்மேல் வழுக்கி நகர்ந்தன. வலப்பக்கம் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காட்டினார். தங்கை முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பாலத்தில் லாரியின் ஹாரன் நீளமாக ஒலித்தது. டிரெய்லர்காரர் சிரித்துக்கொண்டே தம் ஹாரனையும் அடித்தார்.

மைதானத்தில் ஆய்வு செய்தவர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அதிகாரி. மரியாதையானவர். லாரியைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். காற்றுப்பைகளையும் பிரேக் குழாய்களையும் பார்த்து, “எந்தப் பட்டறையில செஞ்சீங்க?” என்று கேட்டார். வீட்டுக் கொட்டகையில் என்றதும் புருவத்தை உயர்த்தினார். பிறகு தரையில் ஒரு விரிப்பைப் போட்டு, டார்ச்சுடன் அடியில் போய், அந்த இடத்து பெயின்ட்டைச் சுரண்டி, ஏதோ திரவம் தடவிப் பத்து நிமிடம் காத்திருந்தார்.

வெளியே வந்து கையைத் துடைத்தபடி சொன்னார்: “நம்பரைத் தேய்ச்சாலும் அடியில அதோட அழுத்தம் கொஞ்சம் நிக்கும் சார். மேலோட்டமா தேய்ச்சிருந்தா இந்த மருந்துல நிழலா தெரியும். நீங்க ரொம்ப நல்லா தேய்ச்சிருக்கீங்க.”

“நன்றிம்மா” என்றார் பதினேழு. வாய் தவறி வந்துவிட்டது. வேலையைப் பாராட்டினால் அப்படிச் சொல்லியே பழக்கம்.

அதிகாரி தலை குனிந்துகொண்டார். “வண்டியில ஒரு குறையும் இல்ல. ஆனா இது எந்த வண்டின்னு நான் எழுதணும். என்ஜின் ஒரு வண்டியோடது, அச்சு அதே வண்டியோடது, அந்த வண்டி அழிஞ்சதாப் பதிவாகியிருக்கு. உங்க வண்டின்னு சொல்ல இருந்தது அந்த ஒரு இடம்தான்.”

“இவரு சொல்லுவாரும்மா” என்று என்னைக் காட்டினார். “இருபத்து நாலு தடவை அனுப்பியிருக்காரு. நம்பரத் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாரு.”

நான் சொன்னேன். பதினோரு எழுத்தும் சொன்னேன். அதிகாரி தம் தாளில் உள்ளதோடு ஒப்பிட்டு, சரி என்று தலையசைத்தார். “ஆனா இரும்பு சொல்லணும் சார்” என்றார்.

எங்களுக்குச் சாதகமாக மேலிடத்துக்கு எழுதுவதாக ஒப்புக்கொண்டார். எப்போது வேண்டும் என்று கேட்டார். மார்ச் முப்பத்தொன்றுக்குள் என்று தங்கை முந்திக்கொண்டு சொன்னாள், காரணத்தையும் சொன்னாள். அதிகாரி தம் குறிப்பின் ஓரத்தில் அந்தத் தேதியை எழுதி அடியில் கோடு போட்டார். அதை நான் பார்த்தேன்.

“அதுவரைக்கும், இந்த மைதானத்துக்குள்ள ஒரே ஒரு சுத்து ஓட்டிக்கட்டுமாம்மா? சுத்திலும் சுவர்தானே?” என்று பதினேழு கேட்டார்.

“நம்பர் இல்லாத வண்டிய இங்க ஸ்டார்ட்கூடப் பண்ண விட முடியாது சார். மன்னிச்சிடுங்க.”

மைதானத்தின் சுற்றளவு எண்ணூறு மீட்டர் இருக்கும். திரும்பி வரும்போது அவர் லாரியில் ஏறவில்லை. எங்களோடு டிரெய்லரின் முன்பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டார். நால்வர் உட்கார இடம் போதவில்லை.

பிப்ரவரியில் கடிதம் எதுவும் வரவில்லை. நான் மூன்று நினைவூட்டல்கள் அனுப்பினேன்: 4, 14, 25. அலுவலகத்துக்கு இரண்டு முறை நேரில் போனேன். கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள். எவ்வளவு மேலே என்று கேட்டதற்கு அந்த எழுத்தர் விரலால் கூரையைக் காட்டினார். நானும் அதுபோன்ற மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தவன்தான். அவரிடம் வேறு பதில் இருந்திருக்காது.

பதினேழு தினமும் காலை பத்து மணிக்குக் கொட்டகைக்குப் போய்ப் பத்து நிமிடம் என்ஜினை ஓடவிடுவார். லாரி எழும், நிற்கும், அணைத்ததும் மெல்ல இறங்கும். வெல்டர் ஒருநாள் வந்து, “இப்பவும் சொல்றேன், பதினோரு அடி” என்றார். இப்போது அதுவும் முடியாது. எண் இல்லை என்று என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாகிவிட்டது, அதிகாரியும் பார்த்துவிட்டார். அதை வெல்டரிடம் பதினேழுதான் விளக்கினார், என்னைக் குறையாக ஒரு சொல்கூடச் சேர்க்காமல். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“வேற லாரி ஒண்ணு வாடகைக்கு எடுத்துப் போயிட்டு வந்துடலாமே?” என்று தங்கையிடம் கேட்டேன்.

“கிளட்ச் மிதிச்சா அவரு எந்திரிக்க மாட்டாரு அண்ணா. அப்புறம், எனக்கு வேற லாரி எதுக்கு?”

மூன்றாவது கடிதம் தடிமனான உறையில், கையெழுத்துப் போட்டு வாங்கும் தபாலில் வந்தது. மூவரும் சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். நான்தான் வாசித்தேன். வண்டியின் அடையாளத்தை உறுதி செய்ய இரும்பில் எந்தச் சான்றும் இல்லை. எண்ணை மீண்டும் குத்த அனுமதி இல்லை. பழைய பதிவு ரத்து செய்யப்படுகிறது. உரிமையாளர் வண்டியை உதிரிப் பாகங்களாக விற்றுக்கொள்ளலாம். இம்முடிவு இறுதியானது, இதன் பேரில் கடிதப் போக்குவரத்து ஏற்கப்படாது.

பதினேழு கடிதத்தை வாங்கி, கண்ணாடி போடாமலே இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“லைசென்ஸ் எத்தனை நாள் இருக்கு மச்சான்?”

“இன்னையும் சேர்த்து இருபது நாள்.”

“மறுபடி எழுதலாமா?”

“யாருக்குன்னு எழுதறது மாப்பிள்ளை?”

தங்கை எழுந்து அடுப்பில் இருந்த பாத்திரத்தை இறக்கினாள். பத்து மணி தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. அன்று என்ஜினை ஓடவிடவில்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அவர் கடிதத்தை மடிப்புப்படியே மடித்து, தேதி போட்டு வைக்கும்படி என் பக்கம் நகர்த்தினார். போட்டேன்.

வரவு: 2019 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 11.40.